ரெண்டுபக்கமும் ஒரு ரிக் வண்டியும்

துடியலூரில் இதுவரை ஒரு சண்டையைக்கூடத் தீர்த்து வைக்காத, அதே சமயம் ஒரு சண்டையையும் ஒழுங்காக நடக்க விடாத ஒரே மனிதர் அவர்தான். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தாக வேண்டும்; ஆதார் அட்டையில் அச்சடித்திருப்பார்கள். எங்கள் பேக்கரியில் அது யாருக்கும் தெரியாது. ‘ரெண்டுபக்கம்’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ராணுவத்தில் சிக்னல் பிரிவு ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பணிக்காலத்தில் இரண்டு முறை, கடல் கடந்து போய், சர்வதேச அமைதி காக்கும் படையில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். எந்த இரண்டு நாடுகளுக்கு நடுவே என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

“ஏதாச்சும் ஒரு நாட்டுப் பேர மொதல்ல சொல்லோணுமுங்க. அப்பறம் நடுநிலை எங்கீங்க இருக்குது?” என்பார்.

நான் பத்திரப் பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் ஊரார் நிலங்களின் நான்கெல்லையைப் படித்துப் பார்த்து முத்திரை வைத்தவன். கல் நட்டால் எல்லை, கல்லைப் பிடுங்கினால் வழக்கு என்பது என் சித்தாந்தம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். “கல்லு சும்மாதானுங்க கெடக்குது. அதுக்கு ரெண்டு பக்கமும் நிக்கறாங்க பாருங்க, அவுங்க சம்மதந்தான் எல்ல” என்பார். எங்களுக்குள் எந்த விஷயத்திலும் கருத்து ஒற்றுமை கிடையாது. அதனால் தினமும் காலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

ஒரு நாள் அந்தப் பேக்கரியில் இரண்டு பேர் அரசியல் பேசி முற்றிப் போனது. ரெண்டுபக்கம் எழுந்து போய் இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். யாரையும் சமாதானப்படுத்தவில்லை. எழுதினார், அவ்வளவுதான். சண்டை ஓய்ந்த பிறகு எங்களுக்கு வாசித்துக் காட்டினார்:

“ஏழு பத்து: கிழக்கு நாற்காலியில் குரல் உயர்ந்தது. ஏழு பதினொன்று: மேற்கு நாற்காலியிலிருந்து பதில் குரல். ஏழு பன்னிரண்டு: கண்ணாடி கிளாஸ் உடையும் சத்தம் கேட்டது. உடைத்தவர் யார் என்று பார்க்கவில்லை.”

பேக்கரி நடத்தும் மலையாளி சேட்டனுக்குப் பொறுக்கவில்லை. “நீங்க நடுவிலதன்னே இருந்தீங்க? பார்க்கலையா?”

“அப்ப நானு டீயக் குடிச்சிட்டிருந்தனுங்க. கண்ணு கிளாசுக்குள்ள இருந்துச்சு. பாக்காதத எழுதிபோட்டா, மேல இருக்கறவங்க நாளைக்கு என்னைய நம்புவாங்களா?”

மேலே பேக்கரியின் தகரக் கூரை மட்டும்தான் இருந்தது.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். முதல் பந்தியில் பெண் வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோபம். வேட்டியை மடித்துக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ரெண்டுபக்கம் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக்கு ஒருவர் மட்டும் வர வேண்டும், கை கழுவும் இடத்தில் சந்திக்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்றார். இரண்டரை மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. கோயமுத்தூர் திரும்பும் பஸ்ஸில் என் வயிறு கத்திக்கொண்டே வந்தது.

“சண்ட நின்னுதுங்களா, இல்லீங்களா?” என்றார் பெருமையாக.

“நின்னுதுங்க. ரசமும் ஆறிப் போச்சுங்க.”

“ஆறுன ரசத்துக்கு ஆசுபத்திரி தேவையில்லீங்க சார்.”

வீட்டிலும் முயற்சி செய்தார். மாமியாருக்கும் மருமகளுக்கும் மிக்சி விஷயமாக மனத்தாங்கல். இவர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டார். ஐந்தே நிமிடத்தில் நாற்காலியோடு தெருவில் உட்கார்ந்திருந்தார்.

“தொரத்திபோட்டாங்களா?” என்றேன்.

“சம்மதத்த வாபஸ் வாங்கிட்டாங்க சார். ஒரு பக்கம் வேண்டாம்னுட்டா படை உள்ள நிக்கறது நெம்பக் கஷ்டமுங்க. அது மொத விதி.”

உள்ளே அவருடைய மனைவியும் மருமகளும் ஒன்று சேர்ந்து அவரைச் சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. “பாருங்க, சமாதானமாயிட்டாங்க” என்றார் நிம்மதியாக.

அவரிடம் இருந்தது மொத்தம் மூன்று விதி. இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். எந்தப் பக்கமும் சாயக்கூடாது. உயிருக்கு ஆபத்து வந்தாலொழியக் கை ஓங்கக்கூடாது. மூன்று விதியை வைத்துக்கொண்டு ஒரு கிராம நிர்வாக அலுவலகத்தைக்கூட நடத்த முடியாது என்று நான் சொல்வேன். “வருசக்கணக்கா உங்க படை போயி நிக்குது. சண்ட தீர்ந்துதுங்களா? ஆறு மாசத்துக்கு ஒருக்கா உத்தரவப் புதுப்பிச்சுட்டு அங்கயேதான நிக்கறீங்க?” என்று ஒருமுறை குத்தலாகக் கேட்டேன்.

“தீக்கறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க சார், கோட்டு சூட்டுப் போட்டுட்டு. அவுங்க பேசி முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் சாவாமப் பாத்துக்கறதுதான் எங்க வேல.”

இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டேன். போன வருடம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் பிரபு ஆழ்துளைக் கிணறு போடும் கம்பெனி ஒன்றில் பொறியாளர். நம் பக்கத்து ரிக் வண்டிகள் கப்பலேறி எங்கெங்கோ போய்ப் பூமியைத் துளைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி அவன் போன இடம் இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்தது. பெயர்களை எழுதவில்லை. எதை முதலில் எழுதுவது என்ற சிக்கல் எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

அந்த இரண்டு நாடுகளும் ஒரு காலத்தில் அடித்துக்கொண்டு, பிறகு நிறுத்திக்கொண்டன. நிறுத்தின இடத்தில் வடக்கே ஒரு ராணுவம், தெற்கே ஒரு ராணுவம். நடுவில் ஒரு பட்டை நிலம். அதில் சில கிராமங்கள். சுற்றிலும் வெள்ளை வண்டிகளில் அமைதிப்படை. கிராமங்களில் குடிக்கத் தண்ணீர் இல்லாததால், இரண்டு ராணுவத்திடமும் பேசி, நான்கு இடத்தில் கிணறு போட அமைதிப்படை அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தது. வரைபடம், நான்கு புள்ளிகள், மூன்று தரப்புக் கையெழுத்து. பிரபு அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியபோது, என் வாழ்நாளில் பார்த்த மிக ஒழுங்கான ஆவணம் இது என்று பதில் போட்டேன்.

கெடுத்தது ஒரு தேங்காய்.

ரிக்கை இயக்குபவர் மாரப்பன், எடப்பாடிப் பக்கத்துக்காரர். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். அப்படிப் பாயிண்ட் பார்க்காமல் அவர் எங்கேயும் துளை போட்டதில்லை. முதல் இரண்டு புள்ளியில் தண்ணீர் கிடைத்தது. மூன்றாவது புள்ளியில் தேங்காய் செத்த மாதிரி கிடந்ததாம். மாரப்பன் அதைக் கையில் ஏந்தியபடி வண்டித் தடத்திலேயே நடந்திருக்கிறார். நானூறு மீட்டர் வடக்கே போனதும் எழுந்து நின்றுவிட்டது. அனுமதிச் சீட்டு ஓரிடம், வண்டி ஓரிடம்! என் மகன் தடுத்திருக்க வேண்டும். பொறியியல் படித்தவன். ஆனால் எங்கள் தோட்டத்துக் கிணறும் தேங்காயில் கண்டதுதான். அவன் வாயை மூடிக்கொண்டு வண்டியை நகர்த்திவிட்டான்.

காலை ஒன்பது மணிக்கு, நான் பெஞ்சில் இருக்கும்போது போன் வந்தது. அங்கே அப்போது காலை ஆறரை.

“அப்பா, சொன்னாப் பயப்படக் கூடாதுங்க.”

இந்த வாக்கியத்தைக் கேட்டுப் பயப்படாத அப்பா இன்னும் பிறக்கவில்லை.

விடிந்ததும் துளை போடுவதற்காக மாஸ்ட்டை நிமிர்த்தியிருக்கிறார்கள். வண்டியின் முதுகில் படுத்திருக்கும் பெரிய இரும்புக் கோபுரம் அது. வடக்கு ராணுவம் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறது. அனுமதி இல்லாத இடத்தில் ஒரு லாரி, அதன் மேல் வானத்தைப் பார்த்து எழும் ஒரு நீண்ட இரும்பு. தெற்கத்தியார் ஏவுகணை கொண்டுவந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டது. அங்கத்திய நேரம் பகல் பன்னிரண்டு மணிக்குள் அகற்றாவிட்டால் சுடுவோம் என்று அமைதிப்படைக்குத் தகவல். அது எங்களுடையது இல்லை, ஆனால் அவர்கள் சுட்டால் நாங்களும் சுடுவோம் என்று தெற்கிலிருந்து பதில். வண்டியடியில் என் மகன், மாரப்பன், இன்னும் இரண்டு பேர்.

அவசரத்தில் எதையோ அழுத்தி, போன் ஸ்பீக்கருக்குப் போய்விட்டது.

“மாஸ்ட்ட எறக்கிட்டு உடனே கெளம்பு சாமி! ஒரு நிமிசம் நிக்காத!” என்றேன்.

“பத்தே நிமிசத்துல படுக்கப் போட்டர்லாமுங்க சார்!” என்று மாரப்பன் குரல் பின்னால் கேட்டது.

ரெண்டுபக்கம் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

“தொடாதீங்க! ஒருத்தரும் அந்த லீவரத் தொடாதீங்க!”

அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். பேக்கரியே திரும்பிப் பார்த்தது.

“கண்ணு, வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது?”

“வடக்குங்க.”

ரெண்டுபக்கம் என் தட்டிலிருந்த நீளமான வறுக்கி ரொட்டியை எடுத்து மேசை மேல் செங்குத்தாக நிறுத்தினார். “நேரா நிக்கற வரைக்கும் இது கம்பமுங்க சார். எறக்கறப்ப என்னாகுதுன்னு பாருங்க.” மெல்ல முன்பக்கம் சாய்த்தார். பாதி சாய்ந்த வறுக்கி சேட்டனின் மூக்குக்கு நேராகக் குறி பார்த்து நின்றது. சேட்டன் தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குப் புரிந்தது. பாதி இறங்கிய மாஸ்ட் வடக்கு ராணுவத்தைக் குறி பார்க்கும்.

“அப்ப வண்டிய உட்டுட்டு ஓடி வரட்டுமுங்க!”

“ஓடறவனப் பாத்தா ரெண்டு பக்கமும் சுடுவாங்க. ஒக்காந்திருக்கறவனச் சுடத்தான் கொஞ்சம் யோசிப்பாங்க. கண்ணு, அனுமதிச் சீட்டுல படையோட நம்பரு இருக்கும் பாரு. கூப்புட்டு, தப்பு எங்க மேலதான்னு சொல்லு. யாரு பேரையும் இழுக்காத. அப்பறம் ரெண்டு பக்கமும் பாக்கற மாதிரி வெளிய ஒக்காருங்க. லுங்கியெல்லாம் தொவச்சுக் காயப் போடுங்க. அடுப்பப் பத்த வெச்சு ஏதாச்சும் சமைங்க.”

“என்னுங்க சமைக்கறது?” என்றான் என் மகன். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

“எதையாச்சும். ஏவுகணைக்குப் பக்கத்துல லுங்கி காயப் போட்டு எந்த ராணுவமும் சோறாக்காதுங்க.”

போன் நின்றது. நான் அவர் மேல் பாய்ந்தேன். “உங்க குறிப்பேட்டு விதிக்கு என் பையந்தான் கெடச்சானுங்களா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா...” சேட்டன் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். இரண்டும் ஆறின.

ஒரு நடைமுறை தெரிந்த மனிதன் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வான்? மனு எழுதுவான். டெல்லிக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று, மாவட்ட நிர்வாகத்துக்கு நகல் ஒன்று. பொருள், பார்வை, இணைப்பு எல்லாவற்றோடும் போனிலேயே தட்டச்சு செய்தேன். “எழுதுங்க சார். கைக்கு ஒரு வேலயா இருக்கும்” என்றார் ரெண்டுபக்கம். அனுப்பிய நிமிடமே பதில் வந்தது: தங்கள் மனு பெறப்பட்டது, பதினைந்து வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும். நானும் எத்தனையோ பேருக்கு அந்த வாக்கியத்தை அனுப்பியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பதினோரு மணிக்கு என் மனைவி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“பையன் கூப்புட்டு, அரிசிம்பருப்புச் சோத்துக்கு எத்தன டம்ளர் தண்ணி வெக்கோணும்னு கேட்டான். விடிஞ்சும் விடியாம எதுக்குடா சமைக்கறேன்னேன். எல்லாத்தயுஞ் சொல்லிட்டான்” என்றாள். “எங்கிட்டச் சொல்லோணும்னு உங்களுக்குத் தோணலீங்களா?”

அவள் ரெண்டுபக்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங்ணா, எம் பையன் வந்துருவானுங்களா?”

ஆமாம் என்று சொன்னால் என்ன கெட்டுவிடும்? பேக்கரியில் இருந்த அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்தோம்.

“பாக்காதத நானு சொல்றதில்லீங்க அம்மணி” என்றார். அவரை அடித்திருப்பேன். பிறகு மெல்லச் சொன்னார்: “ஆனா அவம் பத்திரமா இருக்கறான்னு சேதி வர்ற வரைக்கும் நானு இந்த எடத்த உட்டு எந்திரிக்க மாட்டனுங்க.”

எழுந்திருக்கவும் இல்லை. சர்க்கரைக்காரர், வேளைக்குச் சாப்பிட வேண்டியவர். சேட்டன் கொடுத்த பன்னைக்கூட உட்கார்ந்த இடத்திலேயே பிய்த்துத் தின்றார்.

எங்களுக்கு நண்பகல் ஆனபோது அடுத்த அழைப்பு; அங்கே ஒன்பதரை. வெள்ளை வண்டியில் நீலக் கொடியோடு ஒரு பெண் அதிகாரி வந்து சேர்ந்திருக்கிறார். இரண்டு ராணுவத்தோடும் பேசிக்கொண்டே இருக்கிறாராம்.

“அந்தப் பொண்ணு சாப்புட்டுச்சா?” என்றாள் என் மனைவி.

“ரெண்டு தட்டு சாப்புட்டாங்கம்மா. ஊறுகா கேட்டாங்க.”

பக்கத்துக்கு ஒரு அதிகாரி நேரில் வந்து வண்டியைப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள். ஆனால் யார் முதலில் வந்து சேர்வது? முதலில் வருகிறவன் இறங்கி வந்தவன் ஆகிவிடுவானாம். வடக்கிலிருந்து தூரம் குறைவு, தெற்கிலிருந்து அதிகம். தெற்கத்தியார் முன்கூட்டியே கிளம்பினால் கௌரவக் குறைவு. ஒன்றரை மணி நேரம் இதில் போனது. நான் பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டுபக்கத்தின் முகத்தில் மட்டும் முதன்முறையாக ஒரு தெளிவு வந்தது. “நல்லதுங்க சார். மரியாதயப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டா, அவுங்களுக்குச் சுட இஷ்டமில்லீன்னு அர்த்தம்.”

கடைசியில் வடக்கு அதிகாரி பாதி வழியில் நின்று ஷூ கயிற்றைக் கட்டிக்கொள்வது, அந்த நேரத்தில் தெற்கு அதிகாரி வந்துவிடுவது என்று ஏற்பாடு. அந்தப் பெண் அதிகாரியின் யோசனையாம்.

எங்கள் நேரம் இரண்டு மணிக்கு இருவரும் வந்து சேர்ந்தார்கள். ரிக்கைத் தட்டிப் பார்த்தார்கள். துளையிடும் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு மாஸ்ட்டை இறக்க வேண்டும். அங்கத்திய நேரம் பதினொன்றே முக்காலுக்கு இறக்கப்படும், அது வடக்கைப் பார்த்துச் சாயும், அது ஆயுதம் அல்ல என்று இரண்டு ராணுவத்துக்கும் சொல்லி, இரண்டும் கேட்டுக்கொண்டதாகப் பதில் வந்த பிறகுதான் மாரப்பன் லீவரில் கை வைத்தார். அதிகாரிகள் இருவரும் வண்டிக்குப் பக்கத்துக்கு ஒருவராக நின்றார்கள்.

பிரபு போனை அணைக்கவில்லை. இயந்திரம் உறுமுவது கேட்டது. பத்து நிமிடம். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ரெண்டுபக்கத்தின் இரண்டு கைகளும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

“ஒருக்கா ஒரு பக்கத்துக்கு மட்டும் சொன்னனுங்க” என்றார், என்னைப் பார்க்காமல். “வெள்ளரிக்கா ஏத்துன லாரி. தெக்க சரின்னாங்க. வடக்க லைன் கெடைக்கல. அஞ்சு நிமிசந்தானேன்னு போகச் சொல்லிபோட்டேன். லாரி போயிச் சேரலீங்க.”



போனில் இரும்பு இரும்பின் மேல் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது.

“படுத்துருச்சுங்கப்பா” என்றான் பிரபு. “ஒண்ணும் ஆகலீங்க.”

என் மனைவி மேசையில் தலை வைத்து அழுதாள். சேட்டன் சத்தமாக மூக்கைச் சிந்தினார். அங்கே அதற்குள் அடுத்த வம்பு தொடங்கிவிட்டிருந்தது. வண்டி எதற்காக இடம் மாறியது என்று கேட்ட இரண்டு அதிகாரிகளுக்கும் மாரப்பன் தேங்காயைக் காட்டியிருக்கிறார். இருவரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். வடக்கத்தியார் கையில் எழுந்து நின்றது. தெற்கத்தியார் கையில் அசையவில்லை. அதைப் பற்றித் தெற்கு ராணுவம் எழுத்துமூலம் ஒரு ஆட்சேபணை கொடுத்ததாம்.

“அந்தத் தேங்காய அந்த மாரப்பந் தலைலயே ஒடைக்கோணும்” என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்போதுதான் ரெண்டுபக்கம் பெஞ்சிலிருந்து எழுந்தார். ஐந்தரை மணி நேரம் உட்கார்ந்த கால் மரத்துப் போயிருந்தது. நான் ஒரு கையையும் சேட்டன் ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம். வீடு வரை கொண்டுபோய் விட்டோம். வழியில் நான் நன்றி சொல்ல வாயெடுத்தபோது, “போயி மொதல்ல சாப்புடுங்க சார்” என்று தடுத்துவிட்டார்.

அந்த இரண்டு நாடுகளும் இன்னும் முறைத்துக்கொண்டுதான் நிற்கின்றன. படையும் உத்தரவைப் புதுப்பித்துக்கொண்டு நடுவில் நிற்கிறது. அதைக் குறை சொல்லும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பிரபு நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். இப்போது சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறான். எனக்கு இனிக் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆனால் காலையில் ரெண்டுபக்கம் பேக்கரிக்கு வர ஐந்து நிமிடம் தாமதமானால், பேப்பர் வாங்கப் போவதாகச் சேட்டனிடம் சொல்லிவிட்டு, தெருமுனைக்குப் போய் அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.